ரெட்டைத்தடத்துச் சுமைதாங்கி

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்த அந்தக் காலைப்பொழுதில், ஜாஸ்மினின் வீட்டு வாசலில் செங்கோடன் வந்து நின்றான். தலைமுடியிலும் புருவத்திலும் கருங்கல் தூள் படிந்திருந்ததால், இருபத்தெட்டு வயதுக்காரன் ஐம்பதைத் தாண்டியவன்போலத் தெரிந்தான். கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வைத்திருந்தான்.

“ஏனுங்க நர்சம்மா, ஊட்டுலதான் இருக்கறீங்களா? கதவு சாத்தியிருக்கவும் ஊருக்குப் போயிட்டீங்களோன்னு நின்னுட்டேனுங்க.”

அவன் வெள்ளை மனத்தோடுதான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி ஜாஸ்மினின் நெஞ்சில் நெருஞ்சிமுள்ளாய்த் தைத்தது. சாத்திய கதவைப் பற்றி அந்த வாசலில் நின்று கேட்பதற்கு, உலகத்தில் வேறு எவரையும்விட அவனுக்கே உரிமை அதிகம்.

“இருக்கேன் தம்பி. உள்ள வாங்க, காப்பி போடுறேன்.”

“வேண்டாமுங்க. மேலெல்லாம் கல்லுத் தூளு. உள்ளார வந்தா உங்க ஊடு மாவு மில்லாட்ட ஆயிரும்.”

ஜாஸ்மின் ஆலத்தூர் நாடு என்ற மலைப்பகுதியின் ஆறு சிற்றூர்களுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர். நெல்லைச் சீமையிலிருந்து பணி நிமித்தம் மலையேறி வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. துணை சுகாதார நிலையத்தை ஒட்டிய இரண்டு அறைகளே அவளுடைய குடியிருப்பு. கணவர் ஆல்பர்ட் அடிவாரத்தில் மின்கம்பி வேலை பார்ப்பவர். விடுமுறை நாட்களில் மேலே வருவார். செங்கோடன் தேன்பாறைப்பட்டிக்காரன். சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, சரிவில் கொஞ்சம் காப்பிச் செடியும் வைத்திருப்பவன். அவன் மனைவி கலைமணி, சென்ற ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனாள்.

“கலைமணிக்குக் கல்லு நடுறோமுங்க,” என்றான் செங்கோடன். “சுமைதாங்கிக் கல்லு. ரெட்டைத்தடத்துல. இருவத்தஞ்சாந் தேதி காலைல. போன வருசம் அவளைப் பொதைச்ச நாளுங்க.”

இரண்டு கல்லை மார்பளவு உயரத்துக்கு நட்டு, அவற்றின்மேல் ஒரு பலகைக் கல்லைப் படுக்கவைத்தால் சுமைதாங்கி ஆயிற்று. தலைச்சுமையோடு தனியே வருகிறவர்கள், பிறர் கை உதவியில்லாமல் பாரத்தை அதன்மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். பிறகு குனியாமலே தலைக்கு ஏற்றிக்கொண்டு நடக்கலாம். பிள்ளையைச் சுமந்தபடி இறந்தவள் அந்தச் சுமையை எங்கே இறக்குவது என்று தெரியாமல் அலைவாள் என்றும், வழிப்போக்கர் அவள் பெயரால் நட்ட கல்லில் பாரம் இறக்கும்போதெல்லாம் அவள் பாரமும் கொஞ்சம் இறங்கும் என்றும் அந்த மக்கள் நம்பினார்கள்.

“மொதச் சுமையை நீங்க எறக்கோணுமுங்க,” என்றான் அவன். “அவ உங்க பேரைச் சொல்லாத நாளில்லீங்க. அத்தைகிட்டயும் கேட்டுட்டேன்.”

“பெருமாயி அம்மா என்ன சொன்னாங்க?”

“தலையை ஆட்டுச்சுங்க. அத்தைதான் எங்கிட்டப் பேசறதில்லீங்களே. ஒரே ஊடு, ஒரே அடுப்பு. சோத்தை வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கும். பேசுவாங்களா பின்ன? மகளைக் கொன்னவங்கிட்ட ஆருங்க பேசுவா?”

இதை அவன் ஒரு சிறு சிரிப்போடு சொன்னான். அந்தச் சிரிப்பைக் காட்டிலும் அவன் கல்லெடுத்து எறிந்திருக்கலாம் என்று ஜாஸ்மினுக்குத் தோன்றியது.

“அன்னிக்கு ராத்திரி அவளுக்கு ரத்தம் போகவும் நாலு பேரு தூளி கட்டித் தூக்கிட்டு வந்தமுங்க. ரெட்டைத்தடத்துல நின்னு பாத்தா உங்க ஊட்டு நச்சத்திரம் செவசெவன்னு எரியுது. ‘நர்சம்மா இருக்காங்க கண்ணு, பயப்படாத’ன்னு தூளியை இந்தப் பக்கம் திருப்புனது நாந்தானுங்க. மத்தவங்க சோளக்காட்டுக்கே போலாம்னாங்க. அவ தூளியில கெடந்துக்கிட்டு என்னமோ சொல்லிக்கிட்டே வந்தா. காத்துல ஒண்ணும் வெளங்கலை. ‘பேசாம வா கண்ணு, வெளக்குத் தெரியுது பாரு’ன்னு அதட்டினேன். நர்சம்மா ஊர்ல இல்ல, அங்க போவாதன்னுதான் சொல்லியிருப்பா. நீங்கதான் அவகிட்ட முன்னாடியே சொல்லிட்டுப் போயிருக்கறீங்களே. எங்கிட்டயும் சொல்லியிருப்பா. காப்பி பறிக்கிற நேரம்… எங்கீங்க காதுல வாங்குனேன்?”

அவன் வாழைப்பழத்தைப் படியில் வைத்தான். “வந்துருங்க நர்சம்மா,” என்று சொல்லிப் பனிக்குள் இறங்கிப் போய்விட்டான்.

ஜாஸ்மின் அந்தப் பழத்தைத் தொடவில்லை. ஏனென்றால் அவள் கலைமணியிடம் எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

தேன்பாறைப்பட்டிக்குச் சாலை கிடையாது, கைபேசியும் எடுக்காது. அங்கிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை ரெட்டைத்தடம் என்னும் இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு தடம் சோளக்காட்டுத் தார்ச்சாலைக்குப் போகும். அங்கே பேருந்து உண்டு, ஆம்புலன்ஸையும் வரவழைக்கலாம். மற்றது செவிலியர் வீட்டுக்கு வரும். அந்தப் பிரிவில் நின்றால் அவள் வீட்டு வாசல் நன்றாகத் தெரியும். வந்த முதல் ஆண்டிலேயே அவள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்திருந்தாள்: “என் வீட்டுல விளக்குத் தெரிஞ்சா இங்க வாங்க. தெரியலேன்னா ஒரு நிமிஷம்கூட நிக்காம சோளக்காட்டுக்குப் போங்க.” வெளியூர் போகும் நாளெல்லாம் வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் போவாள். ஐந்து ஆண்டுகள் அந்த வழக்கம் பிசகவில்லை.

சென்ற ஆண்டு மூன்று நாள் விடுப்புக் கிடைத்தது. போவதற்கு முன் தேன்பாறைப்பட்டிக்கு ஒரு நடை போய்க் கலைமணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். பனி இறங்கியது, பேருந்துக்கு நேரமாயிற்று, கலைமணிக்குப் பொங்கல் கழித்துத்தான் நாள் என்று மனம் சமாதானம் சொன்னது. வாசல் விளக்கை மறக்காமல் அணைத்தாள். ஆனால் ஆல்பர்ட் மூங்கில் உச்சியில் கட்டியிருந்த சிவப்பு நட்சத்திரத்தை மட்டும் எரியவிட்டுப் போனாள். நட்சத்திரம் கட்டிய வீடு கிறிஸ்துமஸ் அன்று இருண்டு கிடக்கலாகாது என்பது அவள் தாய்வீட்டு வழக்கம். அது ஒரு விளக்கு என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மலைமக்களுக்கோ அது விளக்கைத் தவிர வேறொன்றாகவும் தோன்றவில்லை.

அந்த ஒளியை நம்பி அரைமணி நேரம் இறங்கி வந்தவர்கள் பூட்டைப் பார்த்தார்கள். மறுபடியும் அரைமணி நேரம் ஏறினார்கள். ரெட்டைத்தடத்துக்கு வந்தபோது தூளியிலிருந்து சொட்டிய இரத்தம் நின்றிருந்தது. மூச்சும் நின்றிருந்தது.

ஜனவரியில் விசாரணை நடந்தது. நீண்ட மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரி, “விடுப்பில் போவதைக் குடும்பத்துக்குத் தெரிவித்தீர்களா?” என்று கேட்டார். மனம் யோசிக்கத் தொடங்கும் முன்பே நாக்கு முந்திக்கொண்டது: “கலைமணியிடமே நேரில் சொன்னேன், ஐயா. சோளக்காட்டுக்குப் போகச் சொல்லியிருந்தேன்.” இல்லை என்று சொல்லக் கலைமணி எழுந்து வரவா போகிறாள்? குடும்பத்தாரின் தவறான முடிவே தாமதத்துக்குக் காரணம் என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அந்த ஒரு வரி மலையேறிப் போய்ப் பெருமாயியின் காதில் விழுந்தது. அன்று அடைபட்ட அவள் வாய் மருமகனிடம் இன்னும் திறக்கவில்லை.

அன்றிலிருந்து ஜாஸ்மினை உறக்கமும் விட்டுப் போயிற்று. அவள் கட்டிலுக்கு எதிரே ஒரு நாட்காட்டி தொங்கியது. பாரம் சுமந்து களைத்தவர்களெல்லாம் தம்மிடம் வந்தால் இளைப்பாறுதல் தருவதாக ஆண்டவர் சொன்ன வாக்கு அதில் அச்சாகியிருந்தது. ஆண்டு முழுவதும் அதைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். ஒன்றும் வரவில்லை. தனக்கு மட்டும் அந்த வாக்கில் விலக்கு எழுதியிருக்கிறதோ என்றுகூட நினைத்தாள்.

டிசம்பர் நடுவில் இடமாறுதல் ஆணை வந்தது. சொந்த மாவட்டம், ஜனவரி இரண்டாம் நாள் பொறுப்பேற்க வேண்டும். வாயைத் திறக்காமல் இன்னும் பதின்மூன்று நாள் கடத்திவிட்டால் போதும். மலை மேலேயே இருந்துவிடும். அவள் கீழே போய்விடுவாள்.

இருபத்துமூன்றாம் தேதி ஆல்பர்ட் ஒரு புது நட்சத்திரத்தோடு வந்தார். இந்த முறை வெள்ளை.

“போன வருஷத்துது வேண்டாம்னுதான் புதுசு வாங்கியாந்தேன்,” என்றார். “வர்ற வழியில கண்டக்டர் இதுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்றான். ‘ஐயா, இது மடியிலதானே உக்காந்திருக்கு’ன்னேன்.”

அவள் சிரிக்கவில்லை. “கட்ட வேண்டாம்.”

“ஜாஸ், நாளைக்கு மறுநாள் கிறிஸ்துமஸ்.”

“நான் ரெட்டைத்தடத்துக்குப் போகணும். கலைமணிக்குக் கல் நடுறாங்க. முதல் சுமையை நான் இறக்கணுமாம்.”

ஆல்பர்ட் நட்சத்திரத்தை மேசைமேல் வைத்தார். அவருக்கு எல்லாம் தெரியும். “போ. இறக்கிட்டு வந்துரு. ஆனா வேற எதையும் அங்க இறக்கிராத. பத்து நாள்தான் இருக்கு. நீ இப்ப உண்மையைச் சொன்னா அந்தப் புள்ளை எந்திரிச்சு வந்துருமா?”

“வராது.”

“உன் வேலை போயிரும்.”

“போகலாம்.”

“அப்புறம் என்னத்துக்கு?”

அவள் நட்சத்திரத்தை எடுத்து அலமாரியின்மேல் வைத்தாள்.

மறுநாள் மாலை சோளக்காட்டுக்கு அருகே இருந்த சிறிய ஆலயத்தில் ஆராதனை நடந்தது. சமவெளியிலிருந்து வந்து மலையில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள், ஊழியர்கள், அவர்கள் குழந்தைகள் என்று முப்பது பேருக்குமேல் இல்லை. போதகர் இமானுவேல் நீண்ட பிரசங்கம் செய்யத் தெரியாதவர். கதை சொல்லத் தெரிந்தவர். அன்று கழுதைக் கதை சொன்னார்.

“பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து இரண்டு கழுதைகள் உப்பு மூட்டை சுமந்து இந்த மலையேறின. ஒன்று சூட்டிகை, மற்றது சாது. பாதி வழியில் சாதுக் கழுதை ஓடையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தது. சூட்டிகைக் கழுதை தன் மூட்டையை மெல்ல அதன் முதுகில் சரித்துவிட்டது. சாதுக் கழுதை நிமிர்ந்தது. ‘அடடா, தண்ணீர் குடித்தால் உடம்பு இவ்வளவு கனக்குமா!’ என்று சொல்லிக்கொண்டே நடந்தது.”

குழந்தைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஜாஸ்மின் முந்தானை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

“சூட்டிகைக் கழுதைக்கு முதுகு காலி. ஆனாலும் அது துள்ளவில்லை. பின்னால் வருகிறவனின் மூச்சிரைப்பு அதன் காதில் விழுந்துகொண்டே இருந்தது. உச்சியில் கொட்டகை வாசலில் எஜமான் நின்றிருந்தார். ஒவ்வொரு கழுதையாக நிறுத்திப் பாரத்தை இறக்கி, முதுகைத் தடவிக்கொடுத்துப் புல் போட்டார். சூட்டிகைக் கழுதையின் முறை வந்தது. ‘எஜமானே, மிகவும் களைத்துவிட்டேன், என் பாரத்தையும் இறக்குங்கள்’ என்றது. எஜமான் அதன் முதுகில் கைவைத்துப் பார்த்தார். ‘இறக்குவதற்கு உன்மேல் ஒன்றும் இல்லையே மகனே. உன் மூட்டையை எங்கே வைத்தாயோ, அங்கே போய் வாங்கிக்கொண்டு வா. நான் இந்த வாசலைவிட்டுப் போகமாட்டேன்’ என்றார்.”

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, “போய் வாங்கிட்டு வந்துச்சா ஐயா?” என்று கேட்டாள்.

“அது தெரியலையே பாப்பா. எஜமான் இன்னும் வாசல்லதான் நிக்கிறாரு,” என்றார் போதகர். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அப்படியொரு கொட்டகையில்தான் ஆண்டவர் பிறந்தார். அவரைச் சுமந்து வந்த தாய்க்குச் சத்திரத்தில் இடமில்லாமல் போயிற்று. வெளியே நின்றவர்களுக்காக மட்டுமா பிறந்தார்? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவனுக்கும் சேர்த்துத்தான் பிறந்தார்.”

எத்தனையோ கிறிஸ்துமஸ்களில் ஜாஸ்மின் ஆண்டவர் பிறந்த கதையைக் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் குழந்தையைத் தேடிவந்த மேய்ப்பர்களோடு தன்னைச் சேர்த்து வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். அன்றுதான் அவளுக்கு அந்தக் கதையில் தன் இடம் எது என்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒரே பக்கம். ஆல்பர்ட் அதைப் படித்து, மடித்து மேசைமேல் வைத்தார். “நாளைக்கு நானும் வாரேன். நட்சத்திரத்தைக் கட்டுனவன் நான்தானே,” என்றார்.

கிறிஸ்துமஸ் காலை வெயிலோடு விடிந்தது. முதல் சுமை இறந்தவளின் வீட்டிலிருந்து புறப்பட வேண்டும் என்பது முறை. ஆகவே இருவரும் தேன்பாறைப்பட்டிக்கே ஏறிப்போனார்கள். பெருமாயி முற்றத்தில் காத்திருந்தாள். மகளின் பழைய சேலையைக் கிழித்துச் சும்மாடு சுருட்டி ஜாஸ்மினின் தலையில் வைத்தாள். கலைமணி தன் கையால் விதைத்த கொல்லையில் விளைந்த சாமை, ஒரு மூட்டை. இரண்டு பெண்கள் தூக்கிவிட்டார்கள்.

“பழக்கமிருக்காதே கண்ணு. கழுத்தை ஆட்டாம, பாதத்தைப் பாக்காம நடங்க. நான் பக்கத்துலயே வாரேன்,” என்றாள் பெருமாயி. வழிநெடுக அவள் கை ஜாஸ்மினின் முழங்கையைத் தாங்கியபடியே வந்தது. அந்தக் கை ஜாஸ்மினுக்குச் சுமையைவிடக் கனத்தது.

ரெட்டைத்தடத்தில் இருபது பேர் கூடியிருந்தார்கள். இரண்டு கல்லும் நட்டு, பலகைக் கல்லுக்கு மஞ்சள் பூசி, செவ்வந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். செங்கோடன் கல்லின் ஓரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து எல்லாரும் இரண்டு முழம் தள்ளியே நின்றார்கள். அப்படி நிற்பது ஒரு வருடப் பழக்கம்.

“எறக்குங்க நர்சம்மா,” என்றான் அவன்.

ஜாஸ்மின் கல்லின் முன்னே போய் நின்றாள். கழுத்து நரம்புகள் தெறித்தன. பலகைக் கல் அவள் மார்புக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“இறக்க மாட்டேன் தம்பி. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.” மூட்டையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள். “நான் ஊருக்குப் போறதைக் கலைமணிகிட்ட சொல்லவே இல்ல. யாருகிட்டயும் சொல்லல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டேன். நட்சத்திரத்தை அணைக்காமப் போனதும் நான்தான். விசாரணையில நான் சொன்னது பொய். விளக்குத் தெரிஞ்சா வாங்கன்னு நான்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதை நம்பித்தான் நீங்க வந்தீங்க. நீங்க எடுத்த வழி தப்பில்ல. தப்பு என்னோடது.”

தூளி சுமந்த நால்வரில் ஒருவரான செல்லமுத்து, “அடப் பாவமே, ஒரு வருசமா இந்தப் பயலுக்கு ஒரு பீடித் துண்டுகூடக் குடுக்காமத் தள்ளி வெச்சிருந்தமே,” என்று தலையில் அடித்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ ஜாஸ்மினை நோக்கி ஒரு கடுஞ்சொல் வீசினார்கள். ஆல்பர்ட் தலைகுனிந்து நின்றார்.

செங்கோடன் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது.

“அப்ப… நானில்லீங்களா?”

“நீங்க இல்ல தம்பி.”

அவன் அந்தச் சொல்லை நம்பலாமா என்று பார்ப்பவன்போலச் சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவன் முகம் தெளியும் என்றுதான் ஜாஸ்மின் எண்ணியிருந்தாள். தெளியவில்லை. மெல்ல மெல்ல அதில் வேறொரு கலக்கம் ஏறியது.

“அப்ப அவ என்னங்க சொன்னா?”

ஜாஸ்மினுக்கு விளங்கவில்லை.

“தூளியில… வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாளே. நீங்க ஊர்ல இல்லேன்னு அவளுக்குத் தெரியவே தெரியாதுன்னா, அவ என்னத்தைங்க எங்கிட்டச் சொன்னா? நான் பேசாம வான்னு அதட்டிட்டேனே. என்னத்தைங்க சொன்னா?”

இதற்கு எந்தக் கடிதத்திலும் பதில் எழுத முடியாது. ஜாஸ்மின் சுமையோடு நின்றாள். கண்ணீரைத் துடைக்கவும் கை இல்லை. இரண்டு கையும் மூட்டையைப் பிடித்திருந்தன. ஒரு பொய், இறந்தவளின் கடைசிப் பேச்சையும் திருடி, அதன் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு ஒரு வருடம் குடியிருந்திருக்கிறது. இப்போது பொய் வெளியேறிவிட்டது. அந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது.

பெருமாயியின் கை ஜாஸ்மினின் முழங்கையை எப்போதோ விட்டிருந்தது. அவள் தட்டுத்தடுமாறி மருமகனிடம் போனாள். பதினொரு மாதம் பூட்டிக் கிடந்த வாய் திறந்தது.

“உன்ற பேரைத்தான் சாமி சொல்லியிருப்பா.”

செங்கோடன் நிமிர்ந்தான்.

“கட்டுனவன் பேரை வாயால சொல்லப்படாதுன்னு நாந்தான் அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளத்தினேன். நாலு வருசம் ஒருக்காக்கூடச் சொல்லலை. வலியில சொல்லியிருப்பா. வேற ஆரைக் கூப்புடுவா? உன்ற பேரைத்தான் சொல்லிக்கிட்டே வந்திருப்பா.”

அது உண்மைதானா என்பது யாருக்கும் தெரியாது. பெருமாயிக்கும் தெரியாது. ஆனால் அவன் மண்ணில் சரிந்து, அவள் காலைக் கட்டிக்கொண்டு, ஒரு வருடத்து அழுகையையும் அழுதான். அவளும் அழுதாள். அவர்களைத் தேற்ற எவரும் முன்வரவில்லை. அது தேற்றக்கூடாத அழுகை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வெகுநேரம் கழித்துப் பெருமாயி ஜாஸ்மினைத் திரும்பிப் பார்த்தாள். மூட்டை இன்னும் தலையில் இருந்தது.

“நர்சம்மா,” என்றாள். கண்ணு என்ற சொல் போய்விட்டது. அது இனி வராது என்பது ஜாஸ்மினுக்குப் புரிந்தது. “மன்னிக்கிற அளவுக்கு நான் பெரியவ இல்லீங்க. அதைய எங்கிட்டக் கேக்காதீங்க.”

“கேக்க மாட்டேன் அம்மா.”

“ஆனாச் சுமையை எறக்குங்க. எத்தனை நேரந்தான் நிப்பீங்க? இதைய நட்டது எறக்கறதுக்குத்தான். வர்றவங்க ஆரு, என்ன பண்ணுனவங்கன்னு பாத்துக்கிட்டா இந்தக் கல்லு தாங்கும்?”

அப்படிச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜாஸ்மின் ஓரடி முன்னே வைத்து, மூட்டையைக் கல்லின்மேல் சாய்த்தாள். கல் ஒரு சிறு முனகலும் இல்லாமல் அதை வாங்கிக்கொண்டது. நெற்றி தானாகவே மூட்டைமேல் கவிழ்ந்தது. ஆண்டு முழுவதும் அவள் கேட்டுக்கொண்டிருந்தது கிடைக்காமல் போனதற்குக் காரணம், கொடுப்பவர் மறுத்ததல்ல. அவளிடம் இறக்குவதற்கு எதுவும் இல்லாதிருந்ததுதான். இன்று பாரம் அவளுடையதாயிற்று. அதனால் அதை ஏந்திக்கொள்ளவும் ஒருவர் இருந்தார். மாட்டுத்தொழுவத்துப் புல்லில் படுத்துக்கிடந்தவர், வந்தவர்கள் கையில் என்ன கொண்டுவந்தார்கள் என்று பார்த்திருக்க மாட்டார். பொன் கொண்டுவந்தவர்கள் ஒரு சிலர்தான். மற்றவர்கள் தங்கள் களைப்பைத்தான் கொண்டுவந்திருப்பார்கள்.

மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை. கலைமணி மண்ணுக்கு அடியில் இருந்தாள். பிள்ளை அவளுக்குள் இருந்தது. அதில் ஒரு மயிரிழையும் மாறவில்லை. மூச்சு மட்டும் தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது. அவ்வளவுதான்.

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. செல்லமுத்து போகும்போது செங்கோடனின் தோளில் கைவைத்து, தன் பீடிக் கட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அழுது ஓய்ந்த செங்கோடன் கல்லின் காலடியிலேயே சுருண்டு உறங்கிப்போயிருந்தான். வெயில் அவன் முகத்தில் அடித்தது. பெருமாயி கொஞ்சம் நகர்ந்து, தன் நிழல் அவன் முகத்தில் விழும்படி உட்கார்ந்துகொண்டாள். ஜாஸ்மினைப் பார்க்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

அன்று மாலை ஜாஸ்மின் தானே வெள்ளை நட்சத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். “கட்டுங்க. நான் வீட்டுல இருக்கேன்,” என்றாள். ஆல்பர்ட் மூங்கிலில் ஏற்றி விளக்கைப் போட்டார். காலையில் அஞ்சலில் சேர்க்க வேண்டிய கடிதம் மேசைமேல் இருந்தது. இந்த நட்சத்திரத்தை நம்பி இனி யாராவது வருவார்களா என்பது அவளுக்குத் தெரியாது. வந்தால் ஆள் இருக்க வேண்டும் என்று வாசலுக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

யாரும் வரவில்லை. பனி மட்டும் ரெட்டைத்தடத்திலிருந்து மெல்ல இறங்கி வந்தது.

“குளிருது ஜாஸ். கதவைச் சாத்தட்டுமா?” என்று உள்ளேயிருந்து ஆல்பர்ட் கேட்டார்.

அருகே வந்து பார்த்தார். தலை ஒருபக்கம் சாய, கைகள் மடியில் விரிந்து கிடக்க, அவள் உறங்கிப்போயிருந்தாள்.

அவர் கதவைச் சாத்தவில்லை.